அறுந்து போன சங்கிலியை ஒட்ட முடியுமா? யூதர்களோட செமிகா பத்தி அடிக்கடி கேட்கிற கேள்விகள்

பைபிள் படிக்கிற ஃப்ரெண்ட்ஸ் கிட்ட எண்ணாகமம் 27 பத்தி பேச ஆரம்பிச்சா ஒவ்வொரு தடவையும் இதே கேள்விகள்தான் வருது, பதில் டைப் பண்ணி டைப் பண்ணி கை வலிக்குது, அதனால மொத்தமா ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். நீளமாதான் இருக்கும், அவசரமா இருந்தா 1538 பத்தின கேள்விக்கு நேரா போயிடுங்க, உண்மையான சண்டை அங்கதான்.

செமிகான்னா என்ன?

ஹீப்ருல "சாய்ந்து வைத்தல்"னு அர்த்தம், அதாவது கை வைக்கிறது. மோசே சாகப் போற நேரத்துல யோசுவா மேல கை வச்சு தன்னோட அதிகாரத்துல ஒரு பங்கை கொடுத்தார்ல, அதுதான் ஆரம்பம். யோசுவா அடுத்தவங்களுக்கு, அவங்க அதுக்கு அடுத்தவங்களுக்குன்னு ஒரு சங்கிலி மாதிரி போகுது, இந்த சங்கிலில வந்தவர்தான் முழு அதிகாரம் உள்ள நீதிபதி. நம்ம ஊர்ல குரு பரம்பரை சொல்வாங்க இல்ல, கிட்டத்தட்ட அப்படி, ஆனா இங்க கிடைக்கிறது உபதேசமோ மந்திரமோ இல்ல, கோர்ட் அதிகாரம். இதை மனசுல வச்சிக்கிட்டா மீதி எல்லாம் புரியும்.

அப்போ ஒவ்வொரு தடவையும் தலையில கை வச்சாங்களா?

இல்லங்க. டால்முட்லயே (யூத சட்ட விவாதங்களோட பெரிய தொகுப்பு) ஒருத்தர் இதே கேள்வியை ரவ் ஆஷிங்கிற பாபிலோன் மேதை கிட்ட கேட்கிறார், அவர் சொல்ற பதில்: கை வைக்கிறதெல்லாம் இல்ல, அவரை "ரபி"ன்னு கூப்பிடுவாங்க, அபராத வழக்கு தீர்க்கிற அதிகாரம் கொடுப்பாங்க, அவ்வளவுதான். மூணு பேர் உட்காரணும், அதுல ஒருத்தராவது ஏற்கனவே செமிகா வாங்கினவரா இருக்கணும். முக்கியமான கண்டிஷன் ஒண்ணு, இது இஸ்ரேல் தேசத்துக்குள்ள மட்டும்தான் நடக்கும். அதனாலதான் பாபிலோன்ல எவ்வளவு பெரிய மேதையா இருந்தாலும் அவருக்கு "ரவ்"னுதான் பட்டம், "ரபி" கிடையாது. டால்முட் படிக்கும்போது ஒரு பேரை பார்த்தாலே இவர் எந்த ஊர்க்காரர்னு சொல்லிடலாம், இந்த ட்ரிக் தெரிஞ்சப்போ எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

அதே பக்கத்துல ரபி ஸெய்ரா கதையும் இருக்கு. பதவி வேண்டாம்னு ஒளிஞ்சுக்கிட்டே இருந்த மனுஷன், பெரிய பொறுப்புக்கு வர்றவனோட பாவம் எல்லாம் மன்னிக்கப்படும்னு கேள்விப்பட்டதும் தானா வந்து நின்னுட்டார்! அவருக்கு செமிகா கொடுத்த அன்னைக்கு கல்யாணப் பொண்ணுக்கு பாடுற பாட்டை பாடினாங்களாம், மையும் இல்ல பூச்சும் இல்ல பின்னலும் இல்ல, ஆனாலும் அழகான மான்னு. ஒரு நீதிபதியை பார்த்து!

செமிகா இல்லாட்டி என்ன நின்னு போகும்?

கடன், வியாபாரம், கல்யாணம், விவாகரத்து இதெல்லாம் சாதாரண ரபிகள் கோர்ட்லயே ஓடும். நிக்கிறது வேற சிலது. முதல்ல அபராதம், உதாரணத்துக்கு திருடன் இரட்டிப்பா கொடுக்கணும்னு யாத்திராகமத்துல இருக்குல்ல, அந்த இரட்டிப்பை விதிக்க செமிகா உள்ள நீதிபதி வேணும். அடுத்து கசையடி, மரண தண்டனை. அப்புறம் பிறை பார்த்து மாசத்தை அறிவிக்கிறது, எந்த வருஷத்துக்கு 13வது மாசம் சேர்க்கணும்னு முடிவு பண்றது. கடைசியா 71 பேர் உட்கார்ற உச்ச கோர்ட்டான சனெட்ரின், தமிழ் பைபிள்ல ஆலோசனைச் சங்கம்னு வருதே அதுவேதான்.

இதுல கசையடியை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

சங்கிலி எப்போ அறுந்துச்சு?

முதல் தடவை அறுக்கப் பார்த்தது ரோம் அரசு. ரோமுக்கு எதிரா யூதர்கள் பண்ணின பார் கோக்பா கலகம் 132ல ஆரம்பிச்சு 135ல அடக்கப்பட்டது, அதுக்கப்புறம் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்து அடக்குமுறையில வந்த உத்தரவா டால்முட் சொல்றது: செமிகா கொடுத்தவனுக்கும் சாவு, வாங்கினவனுக்கும் சாவு, அது நடந்த ஊரே தரைமட்டம். ரபி யூதா பென் பாவான்னு ஒரு வயசானவர் என்ன பண்ணினார்னா, எந்த ஊரும் பழி ஏற்கக் கூடாதுன்னு ஊஷாவுக்கும் ஷெஃபராமுக்கும் நடுவுல, ரெண்டு மலைக்கு இடையில போய் உட்கார்ந்து அஞ்சு பேருக்கு செமிகா கொடுத்தார். சிப்பாய்ங்க வர்றதை பார்த்ததும் "பிள்ளைங்களா ஓடுங்க"ன்னார், நீங்கன்னு கேட்டதுக்கு நான் புரட்ட முடியாத கல்லு மாதிரி இங்கயே கிடக்கிறேன்னார். 300 ஈட்டி குத்தி அவர் உடம்பை சல்லடை ஆக்கினாங்கன்னு டால்முட் சொல்லுது. தப்பிச்ச அஞ்சு பேர்ல ரபி மெயிர், ரபி ஷிமோன் எல்லாம் உண்டு, அவங்க இல்லாம டால்முட்டுக்கு அடிப்படையான மிஷ்னாங்கிற பழைய சட்டத் தொகுப்பே இல்ல.

அப்படி காப்பாத்தினது கூட கடைசில மெதுவா தேய்ஞ்சு போச்சு. பைசாண்டிய ஆட்சியில இஸ்ரேல் தேசத்து யூத சமூகம் சுருங்க சுருங்க, 4-5ம் நூற்றாண்டு வாக்குல நின்னு போச்சுன்னு பொதுவா சொல்வாங்க, அதுக்கப்புறமும் கொஞ்ச காலம் ஓடுச்சுன்னு வாதிடுற ஆய்வாளர்களும் இருக்காங்க. சனெட்ரின் தலைவர் இரண்டாம் ஹில்லேல் 358-359 வாக்குல காலண்டரை கணக்கு போட்டு நிலையா எழுதி வச்சதா சொல்ற பாரம்பரியம் இதோட சேர்ந்ததுதான், பிறை அறிவிக்க ஆள் இல்லாத காலம் வரப் போகுதுன்னு தெரிஞ்சு பண்ணின ஏற்பாடு.

மோசே வரைக்கும் போற சங்கிலி ஒரு தடவை அறுந்தா முடிஞ்சது கதை, அதை எப்படி திரும்ப ஆரம்பிக்கிறது?

லாஜிக்கா பார்த்தா முடியாதுதான். ஆனா 12ம் நூற்றாண்டுல மைமோனிடஸ்ங்கிற பெரிய யூத சட்ட மேதை ஒரு கதவை திறந்து வச்சிட்டு போனார். அவர் வாதம் இது: முன்னாடி இருந்த மாதிரி நியாயாதிபதிகளை திரும்ப தருவேன்னு ஏசாயா 1:26ல கடவுள் வாக்கு கொடுத்திருக்கார், அது மேசியா வர்றதுக்கு முன்னாடியே நடக்கணும், செமிகா வாங்கின ஆள் ஒருத்தர் கூட இல்லன்னா சனெட்ரின் எப்படி உருவாகும்? அதனால ஏதோ ஒரு வழி இருந்தே ஆகணும். அந்த வழி, இஸ்ரேல் தேசத்துல இருக்கிற எல்லா அறிஞர்களும் ஒருமனசா சேர்ந்து ஒருத்தரை நியமிச்சா அவர் செமிகா வாங்கினவர் ஆயிடுவார், அவர் அடுத்தவங்களுக்கு கொடுக்கலாம்.

மிஷ்னே தோராங்கிற தன்னோட சட்டத் தொகுப்புல சனெட்ரின் பகுதி 4ம் அத்தியாயத்துல இதை எழுதும்போது "எனக்கு தோணுது"ன்னு ஆரம்பிக்கிறார். அப்புறம் தானே ஒரு கேள்வி கேட்டுக்கிறார், இவ்வளவு ஈஸின்னா அந்தக் காலத்து பெரியவங்க செமிகா அழிஞ்சிடக் கூடாதுன்னு ஏன் உயிரை விட்டாங்க? பதிலும் அவரே சொல்றார், ஜனங்க சிதறி கிடக்காங்க, எல்லாரும் ஒத்துப் போறது நடக்காத காரியம். கடைசில மூணே வார்த்தை, "இந்த விஷயத்துக்கு முடிவு தேவை"ன்னு எழுதி நிறுத்திட்டார். அவர் எழுத்தெல்லாம் பொதுவா தீர்ப்பு மாதிரி வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா இருக்கும், அந்த ஆளே இப்படி இழுத்து விட்டுட்டு போனதுலதான் அடுத்த எட்டு நூற்றாண்டு சண்டையும்.

1538ல சஃபேத்ல என்ன நடந்துச்சு?

இதுக்கு கொஞ்சம் முன்கதை வேணும். 1492ல ஸ்பெயின் யூதர்களை துரத்துது, நிறைய பேர் போர்ச்சுகல் போறாங்க, 1497ல அங்க எல்லாருக்கும் கட்டாய ஞானஸ்நானம். 1517க்குள்ள இஸ்ரேல் தேசம் ஓட்டோமான் துருக்கர் கைக்கு வருது, யூதர்கள் குடியேற தடை இல்ல, கலிலேயா மலை மேல இருக்கிற சஃபேத் ஊருக்கு கம்பளி நெசவும் வியாபாரமும் வந்து ஸ்பெயின் அகதிகள் குவியறாங்க, கொஞ்ச வருஷத்துல எருசலேமை விட பெரிய யூத ஊர் ஆயிடுது.

அப்படி வந்தவங்கள்ல பல பேர் ஒரு காலத்துல வெளியில கிறிஸ்தவங்களா வாழ்ந்தவங்க. பண்டிகை மீறினது, தடுக்கப்பட்ட சாப்பாடு சாப்பிட்டதுன்னு மனசுல பாரம். சில பாவங்களுக்கு தண்டனை "தன் ஜனத்தில் இராதபடி அறுப்புண்டு போவான்"னு நியாயப்பிரமாணம் சொல்லுது, ஆனா மிஷ்னால ஒரு வழி இருக்கு, அப்படிப்பட்டவன் கோர்ட்ல கசையடி வாங்கிட்டா அந்த தண்டனைல இருந்து விடுதலை. கசையடி கொடுக்க யார் வேணும்? செமிகா உள்ள நீதிபதி. இப்போ புரியுதா? அடி வாங்க ஆசைப்பட்டு வரிசையில நிக்கிற ஜனம், அடிக்க அதிகாரம் உள்ள ஆள்தான் உலகத்துலயே இல்ல. செமிகா வரலாறுன்னா பதவி ஆசை பிடிச்ச ரபிகளோட கதைன்னு நினைக்கிறவங்க இந்த இடத்தை திரும்ப ஒரு தடவை படிக்கணும்.

யாக்கோபு பெராப், டொலேடோ பக்கத்துல மக்கேடாவுல பிறந்தவர், ஸ்பெயின்ல இருந்து ஃபெஸ், எகிப்து எல்லாம் சுத்தி சஃபேத் வந்தவர், பெரிய படிப்பாளி, கோபக்காரர்னும் பேரு. 1538ல சஃபேத்ல 25 அறிஞர்கள் கூடி மைமோனிடஸ் சொன்ன வழியில அவருக்கு செமிகா கொடுத்தாங்க. அவர் உடனே எருசலேம் தலைமை ரபி லேவி இப்னு ஹபீபுக்கு செமிகா கொடுத்து ஷ்லோமோ ஹஸான்ங்கிறவர் கையில கடிதம் அனுப்பினார். மரியாதைன்னும் எடுத்துக்கலாம், வாயை அடைக்கிற வேலைன்னும் எடுத்துக்கலாம், நான் ரெண்டும்னு நினைக்கிறேன்.

எருசலேம் ரபி ஏன் ஒத்துக்கல? ஈகோவா?

கொஞ்சம் ஈகோ இல்லாம இருக்காது, முடிவு எடுத்துட்டு அப்புறம் லெட்டர் போட்டா யாருக்குதான் கடுப்பு வராது. ஆனா அவர் வச்ச வாதங்கள் ரொம்ப ஸ்ட்ராங்.

மைமோனிடஸ் "எல்லாரும்"னார், எருசலேம்காரங்களை யாரும் கேட்கவே இல்ல. பெரும்பான்மை போதும்னு பெராப் சொன்னார், அதுக்கு இவர், பெரும்பான்மைங்கிறது எல்லாரும் ஒரே இடத்துல உட்கார்ந்து பேசி வாதம் பண்ணி அப்புறம் எண்றது, முதல்லயே முடிவு பண்ணிட்டு தலையை எண்றது இல்லன்னார். மைமோனிடஸே "முடிவு தேவை"ன்னு விட்ட விஷயத்துல நாம யார் முடிவு பண்றதுன்னு கேட்டார், அந்த வார்த்தை கடைசியா வர்ற சின்ன விஷயத்துக்கு மட்டும்தான்னு பெராப் சமாளிச்சார். கசையடிக்கும் இப்னு ஹபீப் பதில் வச்சிருந்தார், அந்த தண்டனைக்கு சாட்சி வேணும், பாவம் பண்றதுக்கு முன்னாடி எச்சரிக்கை கொடுத்திருக்கணும், போர்ச்சுகல்ல யார் வந்து எச்சரிச்சா? அப்போ அது சட்டப்படி கசையடியே ஆகாது, மனசார திரும்பினாலே போதும்.

அவருக்கு இருந்த பெரிய பயம் காலண்டர். செமிகா உள்ள கோர்ட் வந்துட்டா நாங்களே பிறை பார்த்து மாசம் அறிவிக்கிறோம்னு கிளம்புவாங்க, சஃபேத்ல ஒரு நாள் பஸ்கா, மத்த ஊர்ல வேற நாள்னு ஆனா ஒரே ஜனம் ரெண்டாயிடும். நம்ம ஊர்லயே ரெண்டு பஞ்சாங்கம் வேற வேற தேதி போட்டா ஒரு வீட்டுக்குள்ள என்ன கூத்து நடக்குதுன்னு தெரியும், இது உலகம் முழுக்க சிதறின ஜனம்.

அப்புறம் சண்டை அசிங்கமாச்சு. நான் துரத்தப்பட்டப்போ கூட என் பேரை மாத்திக்கலன்னு பெராப் குத்திக் காட்டினார். ஏன்னா இப்னு ஹபீப் சின்ன வயசுல போர்ச்சுகல்ல கட்டாய ஞானஸ்நானம் வாங்கினவர். அவர் மறைக்கல, அப்போ எனக்கு 20 வயசு கூட ஆகல, அன்னையில இருந்து அழுதுகிட்டு இருக்கேன்ங்கிற மாதிரி பதில் எழுதினார். யோசிச்சு பாருங்க, இந்த மொத்த முயற்சியும் யாருக்காக ஆரம்பிச்சதோ அந்த மாதிரி ஒரு ஆளையே அதை வச்சு அடிச்சாச்சு. அந்த ஒரு வரிக்காக எனக்கு பெராப் மேல இன்னும் கோபம் உண்டு.

எகிப்துல இருந்த பெரிய ரபி தாவீது இப்னு ஸிம்ராவும் எருசலேம் பக்கமே நின்னார். (சும்மா ஒரு தகவல், நம்ம பக்கத்து கொச்சின் யூதர்கள் தங்களுக்குள்ள இருந்த உசத்தி தாழ்த்தி சண்டையை கேள்வியா எழுதி அனுப்பினது இவருக்குத்தான்.)

பெராப் என்ன ஆனார்?

துருக்கி அதிகாரிங்க கிட்ட யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்க, தேசம் இல்லாத ஜனம் தனக்குன்னு உச்ச கோர்ட் அமைக்குதுன்னா எந்த அரசுக்கும் காது நீளும்தானே, உயிருக்கே ஆபத்துன்னு சஃபேத்தை விட்டு கிளம்ப வேண்டியதாச்சு. வெளியே போயிட்டா செமிகா கொடுக்க முடியாது, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி நாலு பேருக்கு கொடுத்துட்டுப் போனார். அதுல ரெண்டு பேர் யோசேப்பு காரோவும் மோசே திரானியும். காரோ பின்னாடி மோசே அல்ஷேக்குக்கு கொடுத்தார், அல்ஷேக் 1590ல ஹயிம் விட்டாலுக்கு. பெராப்போட பேரன் காலத்துலயும் சில பேருக்கு கிடைச்சது, அதுக்கு அப்புறம் சத்தமில்லாம நின்னு போச்சு.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சவர் காரோ. இன்னைக்கு வரைக்கும் யூத சட்டத்துக்கு அடிப்படையா இருக்கிற ஷுல்கான் ஆருக் எழுதினவர் அவர்தான். அவரோட கனவு டைரில செமிகா உன் மூலமா திரும்ப வரும்னு ஒரு வானதூதன் சொன்னதா எழுதி வச்சிருக்கார். ஆனா அதே காரோ சட்டப் புத்தகத்துல நீதிபதிகள் பகுதியை தொடங்கும்போது "இந்தக் காலத்துல" என்ன வழக்கு எடுக்கலாம்னு பட்டியல் போட்டு, அபராதமெல்லாம் இஸ்ரேல் தேசத்துல செமிகா வாங்கினவங்களுக்கு மட்டும்னு தள்ளி வச்சிடறார். தன் கையிலயே அந்த செமிகாவை வச்சிருந்த மனுஷன், அப்படி ஒண்ணு நடக்கவே இல்லங்கிற மாதிரி எழுதறார். என் கணிப்பு, இப்னு ஹபீப் சண்டையில ஜெயிச்சது அந்த பக்கத்துலதான்.

சஃபேத்துக்கு அப்புறம் யாரும் முயற்சி பண்ணலையா?

பண்ணினாங்க. ரொம்ப சினிமாத்தனமானது 1830 வாக்குல. லிதுவேனியாவோட பெரிய யூத மேதை வில்னா காவோனோட சீடர் ஷ்க்லோவ் ஊர் ரபி இஸ்ரேல், சஃபேத்ல இருந்தவர், அவர் வேற ரூட்டுல யோசிச்சார், எல்லாரையும் ஒத்துக்க வைக்கிறதுக்கு பதிலா சங்கிலி அறுபடாம எங்கயாவது இருக்கான்னு தேடுவோம். காணாம போன பத்து கோத்திரத்து ஆளுங்க கிட்ட இருக்கலாம்னு நம்பி, பாருக்ங்கிறவர் கையில கடிதம் கொடுத்து ஏமன் பக்கம் அனுப்பினார். அவர் அங்கயே செத்துப் போனார்.

நெப்போலியன் 1807ல பாரிஸ்ல 71 பேரை உட்கார வச்சு "கிராண்ட் சனெட்ரின்"னு பேர் வச்சதை பத்தி நிறைய பேர் கேட்கறாங்க, அதுக்கும் செமிகாவுக்கும் சம்பந்தமே இல்ல, அது பிரெஞ்சு அரசுக்கு தேவையான பதில்களை வாங்க நடந்த கூட்டம்.

1948ல இஸ்ரேல் நாடு வந்ததும் முதல் மத விவகார அமைச்சர் ரபி யூதா லேயிப் மைமோன், நாடு வந்தாச்சு சனெட்ரினும் வரட்டும்னு ரொம்ப முயற்சி பண்ணினார். பிரிஸ்க் ரபி மாதிரி பெரிய ஆளுங்க கடுமையா எதிர்த்தாங்க, ஒரு அமைச்சர் உண்டாக்கற சனெட்ரின் அரசியல்வாதி கைப்பொம்மையா ஆயிடும்ங்கிற பயம் நிறைய பேருக்கு இருந்துச்சு. அதோட படுத்துடுச்சு.

2004ல திரும்ப வந்துடுச்சுன்னு ஒரு வீடியோவுல பார்த்தேனே?

அக்டோபர் 13, 2004, திபேரியா ஊர்ல 71 பேர் கூடினது உண்மை. ஏன் திபேரியா? பழைய சனெட்ரின் கடைசியா உட்கார்ந்த ஊர், திரும்ப வரும்போதும் அங்கதான் முதல்ல வரும்னு மைமோனிடஸ் எழுதியிருக்கார், அவர் கல்லறையும் அங்கதான். இந்த தடவை 1538ல பண்ணின தப்பை பண்ணக் கூடாதுன்னு முன்கூட்டியே சுமார் 700 ரபிகள் கிட்ட கேட்டோம்னு ஏற்பாடு பண்ணினவங்க சொன்னாங்க. ரபி மோசே ஹால்பர்ஸ்டாமுக்கு முதல்ல செமிகா, அவர் வழியா மத்தவங்களுக்கு. டால்முட் உரைக்கு பேர் போன அதின் ஸ்டைன்சால்ட்ஸ் 2005ல தலைவர் ஆனார், 2008ல விலகிட்டார். நாட்டோட முக்கியமான ரபிகள் பெரும்பாலும் இதை கண்டுக்கவே இல்ல, அரசு கோர்ட்டுகளும் ரபிகள் கோர்ட்டுகளும் பழையபடியே ஓடுது. மேசியா நாளைக்கே வர்றார், ஏழாம் முத்திரை உடைஞ்சிடுச்சுன்னு வர்ற தமிழ் ஃபார்வர்டுகளை நம்பி டென்ஷன் ஆகாதீங்க.

அப்போ இன்னைக்கு ரபிகள் "செமிகா வாங்கினேன்"னு சொல்றது பொய்யா?

பொய் இல்ல, பேர் ஒண்ணு பொருள் வேற. 14ம் நூற்றாண்டு வாக்குல ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம், யார் வேணும்னாலும் ரபின்னு சொல்லிக்கிட்டு விவாகரத்து எல்லாம் கொடுக்க ஆரம்பிச்சதால, குருவோட எழுத்து மூலமான அனுமதி இருந்தாதான் செல்லும்னு ஒரு வழக்கம் பரவுச்சு. வியன்னா ரபி மெயிர் பேர் இதுல முக்கியமா அடிபடும். ஸ்பெயின்ல இந்த பழக்கம் இல்ல, அங்க இருந்து இத்தாலிக்கு வந்த பைபிள் உரையாசிரியர் அபர்பனெல் இதை பார்த்துட்டு, இங்க இருக்கிற கிறிஸ்தவங்க டாக்டர் பட்டம் கொடுக்கிறதை பார்த்து பொறாமையில காப்பி அடிச்சிருக்காங்கன்னு நக்கலா எழுதிட்டார். இன்னைக்கு செவுத்துல ஃப்ரேம் போட்டு மாட்டறது அந்த பட்டத்தோட வாரிசுதான். சாப்பாடு, சடங்கு சட்டம் சொல்ல "யோரே யோரே", பண வழக்கு தீர்க்க "யாதின் யாதின்", வருஷக்கணக்கா படிச்சு பரீட்சை எழுதி வாங்கறது, லேசு இல்ல. ஆனா அதை வாங்கின ரபி முன்னாடி ஒருத்தன் வந்து, என் ஆட்டை இவன் திருடிட்டான், இரட்டிப்பா கொடுக்கச் சொல்லுங்கன்னு நின்னா, திருடினதை திருப்பி கொடுக்கச் சொல்வார், அந்த ரெண்டாவது ஆட்டை வாங்கித் தர அவரால முடியாது.